தாய்வீட்டுப் பங்கு: சீர் அன்று, உரிமை

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் மக்கள் வெள்ளம் அலைமோதும். அருவியில் நீராட வருவோர் தங்குவதற்குத் தம் வீட்டை வாடகைக்கு விட்டு, சாரல் காலத்தில் நாலு காசு பார்க்கும் குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் உண்டு.

அத்தகைய வீடு ஒன்றைப் பற்றி ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார்:

"ஹஜ்ரத், என் உம்மா பிறந்த வீடு தென்காசியில் இருக்கிறது. மாமாமார் இருவரும் சீசனில் அதை வாடகைக்கு விட்டு, பணத்தைப் பாதிப்பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். உம்மா உயிரோடு இருந்தவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள். அந்த வீட்டில் எங்களுக்கு ஏதாவது உண்டா?"

"உம்மா ஏன் கேட்கவில்லை?" என்றேன்.

"கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமே என்ற பயம்தான்."

அன்புச் சகோதர சகோதரிகளே! இந்த அச்சத்தினால் நம் வீடுகளில் எத்தனை தாய்மார்கள் வாய் மூடி வாழ்ந்து மறைந்திருக்கின்றனர்! பெருநாளைக்கு ஒரு புடவையும் பிள்ளைப்பேற்றுக்குச் சீரும் வருகின்றன. அதை இழக்க மனமின்றி, அல்லாஹ் விதித்த பங்கை அவர்கள் இழக்கின்றனர். ஆனால் பெற்றோரும் உறவினரும் விட்டுச்சென்ற சொத்தில் ஆணுக்குப் பங்கு இருப்பது போலவே பெண்ணுக்கும் பங்கு உண்டு என்றும், சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் அப்பங்கு கட்டாயமானது என்றும் திருமறையின் அன்னிஸா அத்தியாயம் 7ஆம் வசனத்தில் அறிவிக்கிறது.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் வரலாறு இங்கு நினைவுகூரத் தக்கது. அவர் விட்டுச்சென்ற பொருள் முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். கைம்பெண்ணான மனைவி, இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். வாரிசுரிமை வசனம் அருளப்பெற்றது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதையே எடுத்துக்கொள்ளுமாறு அச்சகோதரருக்கு நபிகளார் கட்டளையிட்டார்கள். முறையிட்ட பெண்ணை அவர்கள் பேராசைக்காரி என்று எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி அப்பெண்மணியின் கேள்விக்கு வருவோம். பாட்டனார் முதலில் இறந்தார். மனைவியும் இரு ஆண்மக்களும் ஒரு மகளும் அவருக்கு வாரிசுகள். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதே பங்கிடப்படும். வீட்டை 40 பங்குகளாகக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5 பங்கு. மீதி 35இல் ஆண்மக்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. பின்னர் பாட்டியாரும் இறந்தபோது அவருடைய 5 பங்கு மகன்களுக்கு இரண்டிரண்டாகவும் மகளுக்கு ஒன்றாகவும் சேர்ந்தது. ஆக, மாமாமாருக்கு 16, 16. அந்தத் தாய்க்கு 8.

பத்திரம் எழுதப்படவில்லையே, பாகம் பிரிக்கவில்லையே என்று சிலர் கேட்பர். உரிமை பத்திரத்தினால் வருவதன்று. மரணம் நிகழ்ந்த கணத்திலேயே அது வாரிசைச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே, தாய் இறந்தபோது அவருடைய 8 பங்கும் அவருடைய வாரிசுகளுக்குச் சென்றது. கணவருக்கு நான்கில் ஒன்றாக 2 பங்கு. எஞ்சிய 6இல் மகனுக்கு 4, மகளாகிய அப்பெண்மணிக்கு 2. சாரல் கால வாடகையும் இதே விகிதத்தில் பங்கிடப்பட வேண்டியதே.

ஒருவேளை தாய், தம் தந்தைக்கு முன்னரே இறந்திருந்தால் நிலை வேறு. பாட்டனாரின் ஆண்மக்கள் உயிருடன் இருக்கையில், மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். ஆனால் அவர்களை வெறுங்கையுடன் விட்டுவிடுமாறு மார்க்கம் சொல்லவில்லை. வாரிசு அல்லாதோருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யப் பாட்டனாருக்கு அனுமதி உண்டு. தாயிழந்த பேரப்பிள்ளைகள் உள்ள முதியோர் இதை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

"கல்யாணத்தின்போதே நகை போட்டுவிட்டோம், இனிப் பங்கு வேண்டாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டாளே!" என்பார் உளர். தந்தை உயிருடன் இருக்கையில் மகளுக்கு வாரிசுரிமை இன்னும் பிறக்கவேயில்லை. பிறவாத உரிமையை விட்டுக்கொடுப்பது எவ்வாறு? கேரளத்து ராவுத்தர் குடும்பம் ஒன்றின் வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றமும் இந்த அடிப்படையை ஏற்றது. எனினும், அதற்கு ஈடாகப் பொருள் பெற்றுக்கொண்டவர் பின்னர் பங்கு கோருவதை அது தடுத்தது. அண்ணன்மார் கண்ணெதிரே நிற்க, வெட்கத்தினால் போடப்படும் கையெழுத்தை எந்தத் தராசில் நிறுப்பது என்பதை அவரவர் மனசாட்சியே சொல்லட்டும்.

பெண்ணுக்குப் பங்கில்லை என்னும் ஊர் வழக்கங்கள் நம் நாட்டில் ஒரு காலத்தில் சட்டத்தின் துணையுடனும் நின்றன. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் அவ்வழக்கங்களை அகற்றிற்று. விவசாய நிலத்திற்கு அதில் இருந்த விலக்கையும் 1949இல் சென்னை மாகாணம் நீக்கியது. சட்டம் விலகிக்கொண்டது, வழக்கம் மட்டும் நம் முற்றத்தில் இன்னும் பாய் விரித்துப் படுத்திருக்கிறது.

அப்பெண்மணிக்கு விடை சொல்லி அனுப்பிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தாயார் விட்டுச்சென்ற சிறு வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். பாகப்பிரிவினைக் கல்வியை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் நான், என் தங்கையிடம் அவருடைய பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் அவர் இல்லம் சென்று கணக்கைச் சொன்னேன். "எனக்கு வேண்டாம் காக்கா" என்று அவர் சொல்லிவிடுவார் என என் உள்ளம் எதிர்பார்த்ததை மறைக்க மாட்டேன். அவர் அவ்வாறு சொல்லவில்லை. சற்று நேரம் அழுதார். பிறகு, மகளின் படிப்புக்கு ஆகும் என்று ஏற்றுக்கொண்டார். தவணைகளாகக் கொடுத்து வருகிறேன். என் நெஞ்சின் பாரமும் தவணைகளாகவே இறங்குகிறது.

சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் முதலில் பங்கு இன்னது என்று சொல்லி, அவர் கையில் ஒப்படையுங்கள். கையில் வந்த பொருளைத்தான் ஒருவர் அன்பளிப்பாகத் தர முடியும். கேளாதிருந்தார் என்பதற்காக உரிமை கரைந்துவிடாது. மறுமையில் அதைக் கேட்பதற்கு அவருக்கு எந்தத் தயக்கமும் இராது.

இன்று ஜும்ஆத் தொழுது வீடு திரும்பியதும், நாம் குடியிருக்கும் வீட்டில் யாருடைய பங்கு கலந்திருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக! உரியவரிடம் உரியதைச் சேர்ப்பிக்கும் மனத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.