களத்தைப் படித்தல் – 9: ஃபூரிக்கு எத்தனை மதிப்பெண்?

ஒரு சர்வதேச ரக்பி ஆட்டம் முடிந்தால், மறுநாள் காலைக்குள் நியூசிலாந்திலும் பிரான்சிலும் பத்திரிகைகள் ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடும். சென்ற வாரம் அந்தப் பட்டியல்களை எப்படி வாசிப்பது என்று பார்த்தோம். இந்த வாரம் ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு நாமே மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம். 2023 அக்டோபர் 28, பாரிஸை ஒட்டியுள்ள ஸ்தாத் த பிரான்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11.

எளிய கணக்கிலிருந்து தொடங்குவோம். தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளிகளும் ஹாண்ட்ரே பொல்லார்டின் காலிலிருந்து வந்தவை. நான்கு பெனால்டி, நான்கும் முதல் பாதியில். இரண்டாம் பாதியில் அந்த அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கிடைத்ததைக் காப்பாற்றியே ஜெயித்தது. காப்பாற்றியவர்களில் முதல்வர் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட். 28 டேக்கிள். ஒரு முன்கள வீரர் பதினைந்து செய்தாலே கடுமையாக உழைத்தார் என்பார்கள். அதிலும் ஜோர்டி பேரட்டை அவர் மறுபடி மறுபடி மடக்கி விழுத்தியதில், நியூசிலாந்து நடுக்களத்தில் வேகம் பிடிக்க நினைத்த ஒவ்வொரு முறையும் அந்த வேகம் அங்கேயே செத்தது. காலில் ஏற்பட்ட ஒரு காயத்தால் 2020-இல் காலையே இழந்துவிடக்கூடிய நிலைக்குப் போய் மீண்டவர். ஆட்ட நாயகன் விருது அவருக்குப் போனதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

என் மனம் தங்குவது டியோன் ஃபூரியிடம்தான்.

கதை சில வாரங்கள் முந்தியது. தொடரின் நடுவில் தென்னாப்பிரிக்க ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவருக்கு மாற்றாக இன்னொரு ஹூக்கரை அழைக்காமல், கோல் உதைக்கும் பொல்லார்டை அழைத்தார்கள் பயிற்சியாளர்கள். பெரிய சூதாட்டம். போங்கி போனாம்பி என்ற ஒரே ஒரு முழுநேர ஹூக்கரை நம்பி மிச்சத் தொடரைக் கடக்க வேண்டும். இறுதிப் போட்டியின் மூன்றாம் நிமிடத்திலேயே நியூசிலாந்தின் ஷானன் ஃப்ரிசெலின் உடல் போனாம்பியின் காலில் விழுந்தது. ஃப்ரிசெலுக்கு மஞ்சள் அட்டை, போனாம்பிக்கு ஆட்டம் முடிந்தது.

உள்ளே வந்தார் 37 வயது ஃபூரி. இளமையில் ஹூக்கராக ஆடியவர், பிற்காலத்தில் ஃபிளாங்கராக மாறியவர். தென்னாப்பிரிக்காவுக்கு முதன்முதலாக ஆடியதே 35 வயதில். இனி மீதி ஆட்டம் முழுவதும் ஸ்க்ரம்மின் நடு முனையில் இரண்டு பக்கத் தள்ளலையும் கழுத்தில் தாங்க வேண்டும். லைன்-அவுட்டில், எகிறி நிற்பவரின் கைக்குப் பந்தை நேராக எறிய வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களில் வேறு ஹூக்கர் கிடையாது. அவரும் விழுந்தால் ஸ்க்ரம் தள்ளலே இல்லாத சடங்காகிவிடும். தென்னாப்பிரிக்காவின் பெரிய பலம் அத்தோடு போகும்.

லைன்-அவுட்டில் சில பந்துகள் பறிபோயின என்பது உண்மை. புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர் அவருக்கு ஐந்து போடுவார். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஒருவர் எந்தச் சுமையோடு களமிறங்கினார் என்பதைக் கழித்துவிட்டு அவர் செய்ததை அளக்க முடியாது. ஸ்க்ரம் நிலைகுலையவில்லை, ரக்கில் அவர் ஃபிளாங்கருக்குரிய வேகத்தோடு பந்தைத் துரத்தினார், கடைசி விசில்வரை நின்றார். எட்டு.

தோற்ற அணிக்கு வருவோம். தலைவர் சாம் கேன், 27-ஆம் நிமிடத்தில் ஜெஸ்ஸி க்ரீலின் தலையில் மோதி மஞ்சள் அட்டை வாங்கினார். சற்று நேரத்தில் அது சிவப்பானது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதிகளில் அதுவே முதல் சிவப்பு. அவருக்கு மதிப்பெண் போடாமல் விடுவதே முறை, ஏனென்றால் அளக்க ஆட்டமே இல்லை. (தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கோலிசிக்கும் பிறகு மஞ்சள் அட்டை கிடைத்து, மஞ்சளாகவே நின்றது, அந்த வேறுபாட்டைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.)

பதினான்கு பேரோடு நியூசிலாந்து இரண்டாம் பாதியை 5-0 என்று வென்றது. ஆர்டி சவேயா இல்லாமல் அது நடந்திராது. லைன்-அவுட்டில் அவர் கையிலிருந்து முன்னே நழுவிய பந்தால் ஏரன் ஸ்மித்தின் ட்ரை ரத்தானது. அப்படியும் எதிரிகள் ஆறேழு பேர் மேலே கிடக்கும்போது பந்தை மீட்கத் தலையைக் கொடுத்தவர் அவர். ஒன்பதுக்குக் குறையாது. மறுநாள் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே வந்தது.

58-ஆம் நிமிடத்தில் போடன் பேரட் ட்ரை அடித்தார். இடது ஓரத்திலிருந்து ரிச்சி முவாங்கா உதைத்த கன்வெர்ஷன் விலகியது. தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி மஞ்சள் அட்டை வாங்கிய 73-ஆம் நிமிடத்தில், நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து ஜோர்டி உதைத்த பெனால்டியும் விலகியது. ஒரு புள்ளி வித்தியாசம் என்பதால் பல பட்டியல்கள் இந்த இருவரின் மதிப்பெண்ணையும் அங்கேயே வெட்டின. இரண்டுமே எந்த உதைப்பாளரும் தவறவிடக்கூடிய உதைகள். டு டாய்ட்டின் அத்தனை அடிகளையும் வாங்கி எழுந்த ஜோர்டி, அந்தத் தூரத்திலிருந்து உதைக்க முன்வந்ததற்கே நான் ஏழு தருவேன்.

(தொடரும்)