ழகரம் கேட்காத காது

சென்ற ஆண்டு ஒரு பேச்சுப் போட்டியில் 'தமிழ் வாழ்க' என்று முடித்தேன். அவையில் சிரிப்பொலி எழுந்தது. என் வாயில் அது 'தமிள் வாள்க' என ஒலித்ததாம். எனக்கோ இரண்டும் ஒன்றாகவே கேட்டன!

திண்டுக்கல்லில் சிறுமலை வாழைப்பழம் விற்கும் என் பாட்டி முதல் அனைவரும் 'வாளப்பளம்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாவது பரவலான வழக்கு.

ழகரம் பிறக்க நாநுனி மேல்நிமிர்ந்து அண்ணத்தை வருட வேண்டும் என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். ளகரத்திலும் நா வளைகிறது. ஆனால் அண்ணத்தில் பொருந்துவதால் காற்று நாவின் பக்கங்களில் வெளியேறுகிறது. ழகரத்திலோ காற்று நடுவழியே செல்கிறது. வேறுபாடு இவ்வளவே!

ஆயின் காது ஏன் ஏமாறுகிறது? 1984இல் வெர்க்கர், டீஸ் என்னும் உளவியலறிஞர்கள் கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். இந்தியின் தகர, டகர வேறுபாட்டை 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் உணர்ந்தனர். ஓராண்டை நெருங்கியவர்களில் மிகச் சிலரே உணர்ந்தனர். வீட்டில் வழங்காத வேறுபாட்டைக் காது கைவிட்டுவிடுகிறது.

கைவிட்டதைப் பயிற்சியால் மீட்கலாம். நண்பன் 'விழி', 'விளி' என மாற்றி மாற்றிச் சொல்ல, கண்மூடிக் கேட்டு எதுவெனக் கூறிப் பழகினேன். முதலில் காது தெளிந்தது. பின்னர் நா திருந்தியது. பாட்டியிடம் மட்டும் இன்றும் 'வாளப்பளம்' தான். அது எங்கள் வீட்டு வழக்கு.

தோழர்களே, பிறர் நா தடுமாறினால் நகையாதீர்கள். அருகிலமர்ந்து சொல்லிக் காட்டுங்கள்!