கம்பி போய்க் கணினி வந்தது: மோட்டார் சைக்கிள் ஆக்ஸிலேட்டரை நம்பலாமா?

புதுதில்லி: மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் வலது கையையும் என்ஜினையும் நெடுங்காலமாக இணைத்து வந்தது மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றுதான். ஆக்ஸிலேட்டர் கேபிள் எனப்படும் அக்கம்பியின் இடத்தை இப்போது மின்னணுக் கருவிகள் பிடித்து வருகின்றன.

2006-ல் யமஹா நிறுவனம் தனது ஆர்-6 பந்தய ரக வாகனத்தில் இம்முறையைப் புகுத்தியது. 2017-ல் புணே அருகே சாக்கனில் தயாராகும் கேடிஎம் 390 டியூக்கிலும், 2020-ல் ஒசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-லும் இடம்பெற்ற இது, 2025-ல் ஹீரோ நிறுவனத்தின் 125 சிசி கிளாமர் எக்ஸ் வரை வந்துவிட்டது. வசதி படைத்தோரின் வாகனத்தில் இருந்த கருவி, அன்றாடம் அலுவலகம் செல்வோரின் கைக்கு வந்துள்ளது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள், எரிபொருளையும் காற்றையும் துல்லியமாக அளந்து செலுத்த வேண்டிய தேவையை அதிகரித்தன. இம்மாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வாறு செயல்படுகிறது?

கைப்பிடி எவ்வளவு திருகப்படுகிறது என்பதை சென்சார் அளந்து கணினிக்குத் தெரிவிக்கிறது. கணினியின் உத்தரவுப்படி சிறிய மோட்டார் ஒன்று காற்று செல்லும் வழியைத் திறக்கிறது. பொதுவாக இரு தனித்தனி சமிக்ஞைகள் அனுப்பப்படுகின்றன. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கணினி என்ஜினின் வேகத்தைக் குறைத்துவிடும். மின்சாரம் தடைபட்டால் ஸ்பிரிங் காற்று வழியைக் கிட்டத்தட்ட மூடிவிடும்.

அதாவது, கோளாறு ஏற்பட்டால் வண்டி தறிகெட்டு ஓடுவதைக் காட்டிலும் வேகம் இழப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் வேளையில் திடீரென வேகம் இழப்பதும் ஆபத்தே. இணைப்புகளில் தண்ணீர் புகுவது, ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் ஒயர்கள் உராய்வது, பாட்டரி பலவீனமடைவது ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

பழைய கேபிளும் குறையற்றதல்ல. துருப்பிடித்துச் சிக்கிக் கொள்ளும். இழை இழையாகப் பிரிந்து அறுந்துபோகும். எனினும் சாலையோர மெக்கானிக் அதைச் சிறிது நேரத்தில் மாற்றிவிடுவார். அறுந்த கம்பியைக் கையில் எடுத்துக் காட்டவும் முடியும். மின்னணுக் கோளாறோ கணினியின் நினைவில் பதிவாகிறது. அதைப் படிக்கத் தனிக்கருவி தேவை. அது பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையங்களிலேயே உள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஆகஸ்ட் 9-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது அபராதத் தொகை உயர்வே அதிகம் பேசப்பட்டது. அதே சட்டத்தின் 110-ஏ பிரிவு, பாதுகாப்புக் குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதுவரை, 2012-ல் உற்பத்தியாளர்கள் சங்கம் வகுத்த தன்னார்வ நெறிமுறையே இருந்தது.

இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. தயாரித்து ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். அரசு உத்தரவிட்டுத் திரும்பப் பெறும் நிலை ஏற்பட்டால் ரூ. 10 லட்சம் முதல் ரூ. 1 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் விசாரணை தொடங்குவதற்கு, குறிப்பிட்ட அளவில் உரிமையாளர்களின் புகார்கள் வருவது முக்கிய வழியாகும். "செட்டிங் சரிசெய்யப்பட்டது" என்ற ஒரு வரியுடன் வண்டியைப் பெற்றுச் செல்பவரின் புகார் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. கோளாறின் குறியீட்டை சர்வீஸ் ரசீதில் எழுதி வாங்குவது உரிமையாளர்களுக்கு நல்லது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவை அனைத்துக்கும் வாகனக் கோளாறு காரணமல்ல. எனினும் கண்ணுக்குத் தெரியாத கோளாறு கணக்குக்கும் வராமல் போய்விடக் கூடாது என்பதே வாகன ஓட்டிகளின் எதிர்பார்ப்பு.