நுண்கடன் வறுமையைக் குறைக்குமா? ஏழு நாடுகளின் ஆய்வுகளை ஒன்றிணைத்த மாணவியின் மெட்டா பகுப்பாய்வு

மகளிர் குழுக்களுக்கு நுண்கடன் வழங்கினால் குடும்பங்களின் நிலை உயருமா? ஹைதராபாதில் நடந்த ஆய்வில் மொத்த நுகர்வுச் செலவு உயரவில்லை. மங்கோலியாவில் குழுக்கடன் பெற்றோரின் உணவு நுகர்வு உயர்ந்தது. இவற்றுள் எதை நம்பி அரசு கொள்கை வகுப்பது? இக்கேள்விக்கு விடை தேட உதவும் புள்ளியியல் முறையே மெட்டா பகுப்பாய்வு. இதைக் கற்கத் தொடங்கும் பொருளியல் ஆய்வு மாணவர்களுக்கு முன்மாதிரியாக விளங்கும் ஓர் ஆய்வில் இந்தியத் தரவுகளும் இடம்பெற்றுள்ளன.

ஹைதராபாதின் 104 குடியிருப்புப் பகுதிகளில் குலுக்கல் முறையில் தேர்வான 52 பகுதிகளில் மட்டும் ஸ்பந்தனா நிறுவனம் முதலில் கடன் வழங்கியது. இதனை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்ட நால்வரின் கட்டுரை 2015-ல் வெளியானது. போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளும் அதே இதழில் வந்தன. பிலிப்பைன்ஸ் ஆய்வு 2011-லேயே வெளிவந்திருந்தது.

அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ரேச்சல் மீகர், இந்த ஏழு ஆய்வுகளையும் ஒன்றிணைக்கும் பணியை மேற்கொண்டார். ஏழு முடிவுகளைக் கூட்டி ஏழால் வகுத்தால் போதாதா எனத் தோன்றலாம். அவ்வாறு செய்தால் சிறிய ஆய்வும் பெரிய ஆய்வும் சம எடை பெற்றுவிடும். மாதிரிப் பிழைக்கேற்ப எடை கொடுத்தாலும் சிக்கல் தீராது. கடனின் விளைவு எல்லா நாடுகளிலும் ஒன்றே எனக் கொள்வது ஒரு முனை. நாடுகளுக்கிடையே எந்த ஒற்றுமையும் இல்லை எனக் கொள்வது மறுமுனை. மீகர் கையாண்ட பேய்சியன் படிநிலை முறையில், இவ்விரண்டுக்கும் இடையே உண்மை எங்கு உள்ளது என்பதைத் தரவுகளே தீர்மானிக்கின்றன. 2019-ல் வெளியான அவரது கட்டுரையின்படி, நுண்கடனின் சராசரி விளைவு பெரும்பாலும் சிறியது, நிச்சயமற்றது. நாடுகளுக்கிடையிலான வேறுபாடும் முன்பு கருதப்பட்டதைவிடக் குறைவு.

இம்முறை பொருளியலுக்கு வெளியே பிறந்தது. 1904-ல் கார்ல் பியர்சன், இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பணியாற்றிய பிரிட்டிஷ் படையினரின் டைபாய்டு தடுப்பூசித் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். 'மெட்டா பகுப்பாய்வு' என்ற பெயரை 1976-ல் சூட்டியவர் கல்வி ஆய்வாளர் ஜீன் கிளாஸ்.

மாணவர்கள் கற்க வேண்டியவற்றுள் கடினமானது கணக்கு அன்று. வெளிவராத முடிவுகளைக் கண்டறிவதே கடினம். விளைவு உண்டு எனக் காட்டும் கட்டுரைகளே இதழ்களில் எளிதாக இடம்பெறுகின்றன. 'விளைவு இல்லை' என்ற முடிவு மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகிறது. குறைந்தபட்ச ஊதியம் பற்றிய ஆய்வுகளை 1995-ல் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இக்கோணத்தில் சோதித்தனர். மாதிரி அளவு பெருகினால் முடிவின் புள்ளியியல் வலிமையும் கூட வேண்டும். ஆனால் அவர்கள் கண்டது நேர்மாறானது. வெளியீட்டுச் சார்பு இருப்பதற்கான அறிகுறி அது. 2017-ல் ஜான் அயோனிடிஸ் உள்ளிட்டோர் சுமார் 6,700 பொருளியல் ஆய்வுகளைப் பரிசீலித்து, அறிவிக்கப்பட்ட விளைவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் மிகைப்படுத்தப்பட்டவை என மதிப்பிட்டனர்.

அன்றாட வேலை பெரும்பாலும் பொறுமையைச் சோதிப்பது. எந்தச் சொற்களால் தேடுவது, எக்கட்டுரையைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ரூபாயிலும் பெசோவிலும் உள்ள தொகைகளை ஒரே அலகுக்கு மாற்ற வேண்டும். ஒரே கட்டுரையின் பல மதிப்பீடுகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணக் கூடாது. 'ஆர்' கணினி மொழியில் இதற்கெனக் கட்டணமற்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் 'பேகர்' மீகரும் இணைந்து உருவாக்கியது.

சராசரியோடு அவர் நிற்கவில்லை. 2022-ல் வெளியான மற்றொரு கட்டுரையில், பெரும்பாலான குடும்பங்களுக்கு நுண்கடனால் மாற்றம் ஏறக்குறைய இல்லை என்றும், மேல்நிலையில் உள்ள சிலருக்கு மட்டும் பெரிய விளைவு இருக்கக்கூடும், ஆயினும் அது உறுதியற்றது என்றும் தெரியவந்தது. ஏழு ஆய்வுக் குழுக்களும் குடும்ப அளவிலான தரவுகளைப் பொதுவில் வெளியிட்டிருந்ததாலேயே இக்கணக்கீடு சாத்தியமானது.