காத்துல ஓடுற கிரைண்டர்: வாங்கும் முன் கம்ப்ரசரைப் பாருங்க



ராயபுரம் பகுதிக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது: "மேடம், ஏர் கிரைண்டர் வாங்கக் குழுவில் கடன் கேட்கலாமா?" மாவு அரைக்கிற கிரைண்டர் இல்லைங்க. கையில் அடங்குகிற அளவில், கம்ப்ரசர் காத்தில் சுத்தி, இரும்பைத் தேய்க்கிற சின்னக் கருவி. வீட்டில் ஒரு ஓரமாக மேஜை போட்டு பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் மிஷின் ரிப்பேர் பார்க்கிற குடும்பங்களுக்கும், போல்டர் செய்து கொடுக்கிற குடும்பங்களுக்கும் இது உதவும். போல்டர் தகட்டு ஓரத்தில் துளி பிசிர் இருந்தாலும் துணி மாட்டி இழுக்கும். ஊசி இடித்து ஊசித் தட்டு சுரசுரப்பானால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பனியனில் ஓட்டை விழும். அதைத் தேய்த்துச் சரி செய்வதுதான் இந்தக் கருவியின் வேலை.

கடன் கேட்கலாம். ஆனால் கடைக்காரர் காட்டுகிற கிரைண்டர் விலையை மட்டும் பார்த்துக் கடன் தொகையை எழுதிவிடாதீங்க. கிரைண்டர் சில ஆயிரத்தில் கிடைத்துவிடும். செலவெல்லாம் காத்தில்தான் இருக்கிறது.

காத்து சும்மா கிடைப்பதுதானே என்று நினைப்போம். மோட்டார் கரண்டைத் தின்று காத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் போன கரண்டில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. ஒரு எச்.பி. வேலை செய்கிற காத்துக் கருவிக்கு ஏழு, எட்டு எச்.பி. கம்ப்ரசர் வேண்டும் என்று கம்பெனிகளில் கணக்குச் சொல்வார்கள். அதனால்தான் வீட்டு வேலைக்கு எவ்வளவு சின்னக் கிரைண்டர் போதும் என்பதை முதலில் முடிவு செய்யணும்.

கம்ப்ரசர் வாங்கும்போது எல்லோரும் எச்.பி.யும் டேங்க் லிட்டரும் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது சி.எஃப்.எம்., அதாவது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து தருகிறது என்ற அளவு. ஒரு எச்.பி. கம்ப்ரசர் சுமாராக மூன்றரை சி.எஃப்.எம். தரும். நம் கணக்கில் நிமிஷத்துக்கு 100 லிட்டர். சாதாரண ஆறு மில்லி டை கிரைண்டர் பெட்டியில் "4 சி.எஃப்.எம்." என்று போட்டிருப்பான். பார்த்தால் பொருந்தி வருவது போல இருக்கும். அந்தக் கணக்கு பெரும்பாலும் விட்டு விட்டு ஓட்டுவதற்கான சராசரிதான். அழுத்திப் பிடித்து விடாமல் ஓட்டினால் அதற்கு இரண்டு, மூன்று மடங்குக்கு மேலும் குடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 50 லிட்டர் டேங்க், 8 பார் வரை நிரம்பியிருக்கிறது. கிரைண்டர் நன்றாக ஓட 6 பாருக்குக் குறையாமல், அதாவது 90 பி.எஸ்.ஐ. சுமார், வேண்டும். நடுவில் உள்ள 2 பார்தான் நம் கையிருப்பு: 50 பெருக்கல் 2, நூறு லிட்டர் காத்து. கிரைண்டர் நிமிஷத்துக்கு 280 லிட்டர் குடிக்கிறது, கம்ப்ரசர் 100 லிட்டர் போட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் குறைவது 180 லிட்டர். அரை நிமிஷத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்புறம் டேங்க் நிரம்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரணும், கம்ப்ரசரும் ஓய்வில்லாமல் ஓடிச் சூடாகும். லைன் வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போடுவதும் கூடவே வரும்.

என் அபிப்பிராயம் இது. வீட்டில் ஏற்கெனவே 2 எச்.பி. அளவில் கம்ப்ரசர் இருந்தால் கிரைண்டரை மட்டும் வாங்குங்க. அதிலும் ஊசித் தட்டு, பாதம், போல்டர் ஓரம் போன்ற சின்ன வேலைக்குப் பென்சில் கிரைண்டரே போதும். மூன்று மில்லி தண்டு பிடிக்கும், காத்தும் குறைவாகவே குடிக்கும். கம்ப்ரசரே இல்லை, இரண்டையும் சேர்த்துக் கடனில் வாங்கணும் என்றால் கொஞ்சம் நில்லுங்க. நகைப் பட்டறையில் மேலே தொங்கவிட்டு, வளைகிற கம்பி வழியாகச் சுத்துகிற கரண்ட் மோட்டார் பார்த்திருப்பீங்க. இந்த வேலையில் பாதிக்கு மேல் அதில் முடியும். ஆர்டர் பெருகிய பிறகு காத்துக்கு மாறலாம். காத்துக் கருவி எடை குறைவு, நாள் முழுக்க ஓட்டினாலும் கை சுடாது, அது உண்மைதான். ஆனால் வேலை வரும் முன்பே தவணை வந்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தண்டு பிடிக்கிற காலெட் அளவைக் கேளுங்க. ஆறு மில்லி என்றும், கால் இஞ்ச் என்றும் இரண்டு வருகிறது. கால் இஞ்ச் என்பது 6.35 மில்லி. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கால் இஞ்ச் காலெட்டில் ஆறு மில்லி தண்டைப் போட்டால் பிடி சரியாக இருக்காது, ஓடும்போது கழன்று பறக்கும். அடுத்து, லீவரில் பூட்டு இருக்கணும். மேஜையில் வைக்கும்போது தெரியாமல் அழுந்தினாலும் ஓடக்கூடாது.

வேகம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். டை கிரைண்டர் நிமிஷத்துக்கு 20,000 முதல் 25,000 சுத்து சுத்தும். பென்சில் கிரைண்டர் 50,000-க்கு மேலும் போகும். நீங்கள் மாட்டுகிற கல்லும் பிளேடும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கணும். ஆங்கிள் கிரைண்டருக்கு வருகிற நாலு இஞ்ச் கட்டிங் வீலில் 15,300 என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். "வீடு நிறைய கிடக்குதே" என்று அதை எப்படியாவது இதில் மாட்டினால் வெடித்துச் சிதறும். கல் தண்டை உள்ளே நன்றாகத் தள்ளி மாட்டுங்க. வெளியே நீட்டி வைத்தால் ஆட்டம் எடுத்து, தண்டு வளைந்துவிடும்.

ஊசித் தட்டுக்கு ஒரு வார்த்தை. கல் வைத்துத் தேய்க்காதீங்க, ஊசித் துளை பெரிதாகிவிடும். ரப்பர் பாலிஷ் முனை போதும். லூப்பர் முனையைத் தேய்த்தால் அளவு மாறித் தையல் விட்டுப்போகும், அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

பஞ்சும் பொறியும்

நம் ஊரில் இதைத்தான் அழுத்திச் சொல்லணும். இரும்பைத் தேய்த்தால் பொறி பறக்கும். நம் வீடுகளில் பனியன் வேஸ்ட், நூல் கோன், பஞ்சுத் தூசி இல்லாத மூலை ஏது? பஞ்சுத் தூசி சட்டென்று பிடிக்கும். உள்ளே போய்ப் புகைந்து, நாம் தூங்கிய பிறகு எரியும். கிரைண்டர் வெளிவிடுகிற காத்தும் தரையில் கிடக்கிற பஞ்சைக் கிளப்பிவிடும். அதனால் தைக்கிற ரூமில் தேய்க்கிற வேலை வேண்டாம். வாசலோ பின்பக்கத் திண்ணையோ பாருங்க. முதலில் ஈரத் துணியால் துடைங்க, ஏர் கன்னால் ஊதாதீங்க. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். வேலை முடித்து அரை மணி நேரம் கழித்து ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் படுங்க.

சேலை முந்தானையைச் செருகி மேலே ஏப்ரன் கட்டணும். துப்பட்டா கூடாது, தலையைக் கொண்டை போடணும், கண்ணாடி வளையலைக் கழற்றிடணும். நூல் கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். சுத்துகிற கருவி அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். சைடு மறைத்த கண்ணாடி கட்டாயம். தூசிக்கு மாஸ்க், சத்தத்துக்குக் காதடைப்பான் போடுங்க.

வேலை முடிந்ததும் ஏர் கன்னால் உடம்பில், சேலையில் ஊதித் தூசி தட்டுகிற பழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. வேண்டாங்க. கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து. விளையாட்டாக உடம்புக்குள் காத்து அடித்ததில் 2024-ல் பெங்களூருவில் ஒரு இளைஞர் உயிரே போயிருக்கிறது. பிள்ளைகள் கையில் குழாய் போகவே கூடாது.

பராமரிப்பு சுலபம். காலையில் கிரைண்டரின் காத்து வாயில் மூன்று, நான்கு சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு ஓட்டுங்க. அவசரத்துக்குத் தையல் மிஷின் ஆயில் விடலாம். வண்டி இன்ஜின் ஆயில் கூடாது, உள்ளே ஒட்டிக்கொள்ளும். இந்த எண்ணெய் காத்தோடு சேர்ந்து வெளியே வரும் என்பதை மறக்காதீங்க. ஆயில் விட்டு ஓட்டிய உடனே துணிக்கட்டுப் பக்கம் திருப்பினால் கறை விழுந்து பீஸ் ரிஜெக்ட். பீஸ் ஊதுவதற்குத் தனிக் குழாய் வைத்துக்கொள்ளுங்க. சாயங்காலம் கம்ப்ரசர் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடிச்சிடணும். ஐப்பசி மழையில் நிறையவே வரும். விட்டால் டேங்க்கும் துருப்பிடிக்கும், கிரைண்டரும் உள்ளே இறுகிவிடும். சேப்டி வால்வைக் கட்டி அடைப்பது, கசிகிறது என்று டேங்க்கில் வெல்டிங் வைப்பது, இரண்டும் வீட்டையே தூக்கிவிடும் வேலை.

வீட்டுக் கரண்டில் தொழில் நடத்தலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்க. கட்டணப் பிரிவு மாறும்.

கடன் மனு கொடுக்க இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டு கம்ப்ரசரின் தகட்டில் உள்ள எச்.பி., சி.எஃப்.எம்., லிட்டர் மூன்றையும் நோட்டில் எழுதி எடுத்து வாங்க. கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனும் கையில் இருக்கட்டும். மேலே போட்ட அதே கணக்கை உங்கள் எண்களை வைத்து உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டு மனு எழுதலாம்.