உணவை உலர்த்திக் காத்தல்

கோடைக்காலம் வந்துவிட்டால் நம் ஊர் வீடுகளின் மாடிகளும் முற்றங்களும் பண்டகசாலைகளைப் போலக் காட்சியளிக்கும். ஒரு மூலையில் மோரில் ஊறிய மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். மற்றொரு மூலையில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரங்காயும் வற்றலாகிக்கொண்டிருக்கும். வெள்ளை வேட்டியின்மீது வடகங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். காக்கையை ஓட்டுவதற்குக் கையில் கோலுடன் ஒரு சிறுவனோ சிறுமியோ காவல் இருப்பதும் உண்டு. மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில் காத்துவைத்துக் கிடைக்காத காலத்தில் பயன்படுத்தும் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. தென்னமெரிக்காவில் ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவிட்டுப் பகல் வெயிலில் உலர்த்தி, 'சுன்யோ' என்னும் உணவாகப் பன்னெடுங்காலமாகச் சேமித்து வருகின்றனர்.

உணவு கெடுவது எதனால்? காற்றிலும் நீரிலும் மண்ணிலும் நம் கைகளிலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் எண்ணிறந்தன உள்ளன. அவை உணவிற் படிந்து பெருகுவதாலேயே அது புளித்தும் அழுகியும் போகின்றது. அவை பெருகுவதற்கு நீர் இன்றியமையாதது. 100 கிராம் தக்காளியில் 90 கிராமுக்கு மேல் நீரே உள்ளது என்றால், அது விரைவில் அழுகுவதில் வியப்பில்லை. அந்நீரை நீக்கிவிட்டால் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. உலர்த்துவதால் நுண்ணுயிர்கள் எல்லாம் மடிந்துவிடுவதில்லை. அவற்றுட் பல உறங்கிக் கிடக்கின்றன. மீண்டும் ஈரம் கிடைத்தவுடன் அவை விழித்தெழுந்து பெருகத் தொடங்கும்.

வெயிலில் உலர்த்துவதற்கு வெப்பம் 30 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், காற்றில் ஈரம் மிகாமலும் இருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களின் அடைமழையில் இஃது இயலாது. வெயிற்காலத்திலும் தூசியும் ஈயும் எறும்பும் நம் உழைப்பைக் கெடுப்பதுண்டு. இக்குறைகளை நீக்க எழுந்ததே செயற்கை வெப்பத்தால் உலர்த்தும் முறை. பிரான்சு நாட்டில் 1795-ஆம் ஆண்டிலேயே வெப்பக் காற்றினால் காய்கறிகளை உலர்த்தும் அறை அமைக்கப்பட்டது. இன்று வீட்டு மேசையின்மீது வைக்கத்தக்க சிறிய மின் உலர்த்திகள் கிடைக்கின்றன. அவற்றின் அமைப்பு எளியது. மின்கம்பிச் சுருள் காற்றைச் சூடாக்குகின்றது. விசிறி அக்காற்றை உள்ளே செலுத்துகின்றது. அடுக்கடுக்கான சல்லடைத் தட்டுகளின் ஊடே அது பாய்ந்து, ஈரத்தைக் கவர்ந்துகொண்டு வெளியேறுகின்றது.

கருவி சிறந்ததாயினும் அதனிடம் ஒப்படைக்கும் பொருள் தூயதாக இருத்தல் வேண்டும். முதலில் கைகளையும் கத்தியையும் அரியும் பலகையையும் நன்கு கழுவுக. அழுகலோ அடிபட்ட வடுவோ இல்லாத காய்கனிகளையே தேர்ந்தெடுக்க. துண்டுகள் ஒரே தடிப்பினவாக இருத்தல் இன்றியமையாதது. ஒன்று மெலிந்தும் மற்றொன்று தடித்தும் இருப்பின், மெலிந்தது சருகாகும்போது தடித்தது ஈரமாகவே இருக்கும். காரட், பீன்சு போன்ற காய்களைக் கொதிநீரில் சில நிமிடம் இட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் ஆற்றியபின் உலர்த்துவது நன்று. இதனால் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகள் செயலற்றுப் போகின்றன. வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் இது வேண்டுவதில்லை. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு தட்டில் பரப்புக.

அடுத்து அறியத்தக்கது வெப்பத்தின் அளவு. காய்களுக்கு 52 முதல் 60 பாகை செல்சியசும், கனிகளுக்கு ஏறத்தாழ 57 பாகையும் ஏற்றவை. புதினா போன்ற மணமுள்ள இலைகளுக்கு 35 பாகையே போதும். மழைக்காலத்தில் சற்று மிகுதியாகத் தேவைப்படலாம். வெப்பம் மிகக் குறைந்தால், உலர்வதற்கு முன்பே நுண்ணுயிர்கள் பெருகிவிடும். விரைவில் முடிக்க வேண்டுமென்று வெப்பத்தை மிகுத்தாலோ வேறொரு தீங்கு நேரும். எரியும் எண்ணெயிலிட்ட வடை மேலே கருகி உள்ளே வேகாதிருப்பதுபோல, துண்டின் மேற்புறம் ஓடாக இறுகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டுவிடும். கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் அத்துண்டு, சின்னாளில் உள்ளிருந்து கெடத் தொடங்கும்.

இறைச்சியை உலர்த்துவதில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். கருவி 60 பாகையைக் காட்டினாலும், ஈரமான இறைச்சி அவ்வெப்பத்தை உடனே அடைவதில்லை. மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறதன்றோ? அதுபோலவே இறைச்சியிலிருந்து நீர் ஆவியாகுங்கால் அது குளிர்ந்தே இருக்கின்றது. அது முற்றும் காய்ந்து சூடேறும் வேளையில், 'சால்மோனெல்லா' போன்ற நோய்க் கிருமிகள் வறட்சிக்குப் பழகி, வெப்பத்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகின்றன. ஆதலின் இறைச்சியை 71 பாகைக்கும், கோழி இறைச்சியை 74 பாகைக்கும் உள்ளே வெப்பம் ஏறுமாறு முதலில் வேகவைத்து, அதன்பின்னரே உலர்த்தியில் இடவேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகின்றது. நம் முன்னோர் உப்புக்கண்டத்தில் உப்பையும், மோர்மிளகாயில் உப்புடன் புளித்த மோரையும் சேர்த்தது சுவைக்காக மட்டுமன்று; அவை கிருமிகளைத் தடுக்கும் அரண்களும் ஆகும். அவற்றைக் குறைப்போர் வேறு காவலைப் பெருக்கவேண்டும்.

உலர்ந்த பொருளைச் சூடாக இருக்கும்போதே மூடிவைத்தலாகாது. அதன் ஆவி உள்ளேயே நீராகப் படியும். நன்கு ஆறியபின் ஒரு துண்டை எடுத்துப் பார்க்கவேண்டும். காயாயின் ஒடியவேண்டும், கனியாயின் வளையலாம், ஆனால் பிழிந்தால் ஈரம் கசியலாகாது. உலர்ந்த கனித்துண்டுகளைக் கண்ணாடிச் சாடியில் மூன்றில் இரு பங்கு அளவு இட்டு மூடி, 7 முதல் 10 நாள்வரை நாள்தோறும் குலுக்கிப் பார்ப்பது நன்று. சாடியின் உட்புறத்தில் நீர்த்துளி தோன்றினால் அவற்றை மீண்டும் உலர்த்துக. பின்னர்க் காற்றுப் புகாத கலங்களில் சிறிது சிறிதாக அடைத்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். ஈரக் கையையோ ஈரக் கரண்டியையோ உள்ளே விடுதல் கூடாது.

இத்துணை எச்சரிக்கை எதற்கு என்று சிலர் எண்ணலாம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்திற்கு மேல் மடிந்தன. காரணம் அறியாது வளர்ப்போர் திகைத்தனர். ஆராய்ந்தபோது, அவற்றின் தீனியிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் படிந்திருந்ததும், அப்பூசணம் ஒரு கொடிய நஞ்சை உண்டாக்கியிருந்ததும் தெரியவந்தன. 'அஃப்ளடாக்சின்' எனப் பெயர்பெற்ற அந்நஞ்சு மனிதரின் கல்லீரலையும் கெடுக்கவல்லது. சரியாக உலராத நிலக்கடலையிலும் மிளகாயிலும் சோளத்திலும் அது தோன்றக்கூடும். சாதாரணச் சமையல் வெப்பத்தால் அது முற்றும் அழிவதில்லை. ஆகவே பூசணம் பிடித்த பொருளைத் துடைத்துவிட்டு மீண்டும் வெயிலில் இட்டு உண்பது சிக்கனமன்று, அறியாமையேயாகும். அதனைத் தயங்காது எறிந்துவிடவேண்டும்.

கருவியையும் கவனத்துடன் கையாளுதல் வேண்டும். அதனைச் சமதளத்தில், துணியும் தாளும் அருகில் இல்லாதவாறு வைத்து, காற்றுத் துளைகளை மறைக்காமல் இயக்குக. ஈரக் கையால் மின்செருகியைத் தொடலாகாது. கழுவுமுன் மின்தொடர்பை நீக்குக. தட்டுகளைத் தண்ணீரில் கழுவலாம். விசிறியும் மின்சுருளும் உள்ள பகுதியை நீரில் அமிழ்த்தக் கூடாது.

வெயிலாயினும் மின்சாரமாயினும், நீரை நீக்குவது மட்டுமே அதன் வேலை. தூய்மையும் பொறுமையும் விழிப்பும் நாம் அளிக்கவேண்டியவை. மாடியில் கோலுடன் அமர்ந்து வற்றலைக் காத்த சிறுவனின் வேலை, கருவி வந்தபின்னும் முடிந்துவிடவில்லை. அன்று காக்கையிடமிருந்து காத்தோம். இன்று கண்ணுக்குத் தெரியாத கிருமிகளிடமிருந்தும் காக்கக் கற்றுக்கொள்வோமாக.