ஓய்வூதியத்தால் மூடப்பட்ட சாலைக் குழிகள்

ஹைதராபாத் நகரின் கிழக்கு வாயிலான உப்பலில் இருந்து நாரப்பள்ளி வரை சுமார் 6.2 கி.மீ. நீள மேம்பாலப் பணி 2018-இல் தொடங்கியது. பணி ஆண்டுக்கணக்கில் இழுபட, கீழே இருந்த வாரங்கல் சாலை குண்டும் குழியுமானது. அவ்வழியே சென்றவர்கள் அரசை நோக்கிக் குரல் கொடுத்தபடி காத்திருந்தனர்.

அதே நகரின் மேற்குப் பகுதியில், அரசுக்காகக் காத்திராமல் குழிகளைத் தாமே மூடிக் கொண்டிருந்தார் கங்காதர திலக் கட்னம் என்ற முதியவர். ரயில்வேயில் சுமார் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற இவர், பின்னர் ஹைதராபாதில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிக்குச் சேர்ந்தார். 2010-இல் ஒரு நாள், இவரது கார் குழியில் இறங்கியபோது தெறித்த சேற்று நீர், பள்ளிக்குச் சென்று கொண்டிருந்த குழந்தைகளின் சீருடையை நனைத்தது. மனம் வருந்திய அவர், சுமார் 5 ஆயிரம் ரூபாய்க்கு ஜல்லி வரவழைத்து அக்குழிகளை மூடினார். பின்னர் வேலையையும் விட்டார்.

கணவர் இந்த வயதில் வெயிலில் நின்று சாலையைச் செப்பனிடுவது மனைவி வெங்கடேஸ்வரிக்குக் கவலை அளித்தது. தந்தையைத் தடுப்பார் என்று அமெரிக்காவில் இருந்த மகனிடம் முறையிட்டார். மகனோ தந்தைக்கே துணை நின்றார். பிற்காலத்தில் வெங்கடேஸ்வரியும் கணவருடன் சாலையில் இறங்கினார். தாரும் ஜல்லியும் மூட்டைகளாக ஏற்றப்பட்ட அவர்களது கார், குழிகளுக்கான ஆம்புலன்ஸ் என்று பெயர் பெற்றது. "சாலை மருத்துவர்" என்ற பட்டமும் கட்னத்தைத் தேடி வந்தது. 2021-இல் அவருக்கு வயது 73. அதற்குள் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் மூடப்பட்டிருந்தன. செலவான தொகை சுமார் 40 லட்சம் ரூபாய். பெரும்பகுதி அவரது ஓய்வூதியம். நாளடைவில் அதிகாரிகளும் சாலைப் பொருள்களைத் தந்து உதவினர்.

பாராட்டுக்குரிய இத்தொண்டு, பொறுப்பு யாருடையது என்ற கேள்வியையும் எழுப்புகிறது. 2013 முதல் 2017 வரை சாலைக் குழிகளால் 14,926 பேர் உயிரிழந்ததைக் குறிப்பிட்டு, இது ஏற்கத்தக்கதல்ல என உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் கண்டித்தது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் மட்டும் 1,856 பேர் குழிகளுக்குப் பலியாயினர்.

2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 198-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ அபராதம் விதிக்க அது வழிவகுக்கிறது. ஆனால், உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய்தான்.

எந்தக் கடமையும் இல்லாத ஒரு முதியவர் தம் சேமிப்பில் இருந்து செலவிட்டது 40 லட்சம். கடமை தவறி உயிரைப் பறிப்பவருக்கு அதிகபட்ச அபராதம் 1 லட்சம். இந்த முரண்பாட்டைக் களைய வேண்டியவர்கள், சட்டம் இயற்றும் அவைகளில் அமர்ந்திருப்பவர்களே.